டாக்டர் முன்னால் குரைத்தேன்

நாற்பத்தாறு வயதில், ஒரு டாக்டர் முன்னால் உட்கார்ந்து குரைத்தேன். போன சனிக்கிழமை காலை, கிள்ளானில்.

என் தங்கை கவிதாவுக்கு எட்டு மாதப் பெண் குழந்தை, யாழினி. தங்கை கணவர் வேலை விஷயமாக ஜொகூர் போயிருந்தார். விடிந்ததும் எனக்குப் போன்.

"பாப்பாவுக்குக் காய்ச்சல்ணே. மூச்சுல ஒரு மாதிரி சத்தம் வருது. காடிய எடுத்துக்கிட்டு வா."

நான் காரை எடுத்துக்கொண்டு போய்ச் சேர்வதற்குள், சத்தத்தை வீடியோ எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிட்டாள். மேருவில் இருக்கும் சித்தப்பா ஆஸ்துமா என்று முடிவு கட்டியிருந்தார். செமினியில் இருக்கும் அத்தை, நெஞ்சுச் சளிதான் என்றார். சித்தப்பா லோரி ஓட்டுகிறார், அத்தைக்குத் துணிக்கடை.

கிளினிக்கில் டாக்டர் — இளம் பெண், நம்மவர் — வீடியோவை இரண்டு முறை கேட்டார். 'கிர்ர்... கிர்ர்...'

"இந்தச் சத்தமா?"

கவிதா காதைக் கொடுத்துக் கேட்டாள். "இல்ல டாக்டர்... அது எங்க வீட்டுக் காத்தாடி."

ஆக, உறவுக்காரர்கள் இவ்வளவு நேரம் வைத்தியம் பார்த்தது மின்விசிறிக்கு.

யாழினியோ டாக்டரின் ஸ்டெதஸ்கோப்பைப் பிடித்துக்கொண்டு கப்சிப். சத்தம் மூச்சை இழுக்கும்போதா விடும்போதா, இருமல் எப்படி என்று டாக்டர் கேட்டார். கவிதா வாயைத் திறந்தாள்; அழுகைதான் வந்தது. இரவெல்லாம் தூங்காதவள். வேறு யார் இருக்கிறார்கள்?

காரில் குழந்தை அழுதபோது பின்சீட்டிலிருந்து கேட்டதை அப்படியே செய்தேன். மூச்சை உள்ளே இழுத்து 'ஹீஈஈக்' என்றேன். பிறகு நாய்க்குட்டி மாதிரி இரண்டு முறை இருமினேன். நர்ஸ் கதவைத் திறந்து, என்னைப் பார்த்து, மெதுவாக மூடினார்.

டாக்டர் சிரிக்கவில்லை. குழந்தையை அம்மா மடியிலேயே வைத்து, சட்டையைத் தூக்கி, நெஞ்சு உள்வாங்குகிறதா என்று வெகுநேரம் பார்த்தார்.

"இது குரூப்."

எனக்குக் குற்ற உணர்ச்சி. "இனிமே குரூப்ல எதையும் போட மாட்டோம் டாக்டர்."

இப்போது சிரித்தார். நோயின் பெயரே அதுதானாம். கிருமி தொற்றிக் குரல்வளை வீங்கி, காற்று போகும் வழி குறுகிவிடுகிறது. பொதுவாக, விடும்போது விசிலடித்தால் நெஞ்சுக்குள் சிக்கல். இழுக்கும்போது சத்தம் வந்தால் மேலே, தொண்டைப் பக்கம். இந்த ஒரு வித்தியாசத்துக்குத்தான் என் நடிப்பு தேவைப்பட்டிருக்கிறது.

ஒரு வேளை மருந்து கொடுத்து, வெளியே காத்திருக்கச் சொன்னார்.

"அழ விடாதீங்க. சும்மா இருக்கிறப்பவே சத்தம் வந்தாலோ, நெஞ்சு உள்ள இழுத்தாலோ, பால் குடிக்கலன்னாலோ நேரா ஆஸ்பத்திரி. யாரையும் கேட்டுக்கிட்டு நிக்காதீங்க."

ஒரு மணி நேரத்தில் யாழினி பால் குடித்துவிட்டுத் தூங்கிப்போனாள். நானும் கவிதாவும் அவள் மூச்சையே பார்த்துக்கொண்டிருந்தோம். சத்தமில்லாத மூச்சு... இதைவிட நல்ல சங்கீதம் உண்டா?

அப்போது பக்கத்து நாற்காலியில் இருந்த ஒரு பெண், மடியில் மகனுடன் என் பக்கம் சாய்ந்தார். நான் குரைத்தது வெளியே வரை கேட்டிருக்கிறது.

"அண்ணே, இவனுக்கு மூக்குல ஒரு சத்தம் வருது. எனக்குச் செஞ்சு காட்ட வராது. கொஞ்சம் எங்ககூட உள்ள வரீங்களா?"