பாலகாட்டில், பகல் பதினொரு மணிக்கு

பதினான்கு வருடமாக பெங்களூர் ரயிலில் வேலைக்குப் போய் வருகிறேன். காலை ஐந்தே முக்காலுக்கு வீட்டை விட்டால் இரவு ஒன்பதுக்குத்தான் திரும்புவேன். ஊட்டி, கொடைக்கானல் என்று பயணக் கட்டுரைகளாக எழுதித் தள்ளிய எனக்கு, வார நாளில் சொந்த ஊர் எப்படி இருக்கும் என்றே தெரியாது. போன மாதம் ஒரு லீவு மிச்சம் இருந்தது. புதன்கிழமை எங்கள் கோலார் தங்கவயலைச் சுற்றிப் பார்க்கக் கிளம்பினேன்.

ஆண்டர்சன்பேட்டையில் பத்தே முக்காலுக்கு ஆட்டோ ஏறினேன். தங்கவயலிலேயே இருக்கும் பழைய சுரங்கக் குடியிருப்பான பாலகாட்டுக்கு எழுபது ரூபாய்.

"யார் வூட்டுக்கு அக்கா?" என்றார் டிரைவர்.

"யார் வூட்டுக்கும் இல்ல. சும்மா சுத்திப் பாக்க."

"இன்னா இருக்குது பாக்க? அல்லாரும் ரயில்ல போய்ட்டாங்க," என்று சிரித்துக்கொண்டே இறக்கிவிட்டார்.

சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். சுரங்கக் காலத்து லைன் வீடுகள், எதிரெதிரே இரண்டு வரிசை. கதவுக்குக் கதவு பூட்டு. ஆனால் தெரு முழுக்கப் பேச்சுச் சத்தம். ஒரு வீட்டில் கன்னடச் செய்தி, பக்கத்து வீட்டில் சீரியல் அழுகை, அதற்கடுத்த வீட்டில் யாரோ குழம்பு வைக்கச் சொல்லிக்கொடுக்கிறார். திருடனுக்குப் பயந்து டிவியை ஓடவிட்டுப் போகிறார்கள். நானும் அப்படித்தான் செய்கிறேன், அதைச் சாமர்த்தியம் என்று வேறு நினைத்திருந்தேன். ஒரு தெருவே சேர்ந்து செய்ததைக் கேட்டபோது உடம்பெல்லாம் புல்லரித்தது. அத்தனை குரல்கள், ஆள் ஒருவர்கூட இல்லை.

நடையை எட்டிப் போட்டேன். கடைசிக்கு முந்தின வீட்டில் ஓர் ஆண்குரல், "யாரும்மா அது? கொஞ்சம் வாயேன்," என்றது. ஏதோ சீரியல் என்று கடந்துவிட்டேன். அந்தக் கதவில் மட்டும் பூட்டு இல்லாததைக் கவனிக்கவில்லை.

அரை கிலோமீட்டர் தள்ளியிருந்த சுரங்கக் கழிவு மேட்டைப் படம் எடுத்துவிட்டுத் திரும்ப முக்கால் மணி நேரம் ஆனது. அதே குரல். அதே வார்த்தைகள், இப்போது கரகரப்பாக. எந்தச் சீரியலில் முக்கால் மணி நேரம் ஒரே வசனம் வரும்? ஓடிப்போய்க் கதவைத் தள்ளினேன்.

உள்ளே தாழிட்டிருந்தது. தோளால் மூன்று முறை இடித்ததும் கொண்டி பிய்ந்தது. எழுபது வயதுப் பெரியவர் ஒருவர் எழ முடியாமல் தரையில் கிடந்தார். மகன் ரயிலேறிய கொஞ்ச நேரத்தில் வழுக்கி விழுந்தாராம். ஆம்புலன்ஸுக்குப் போன் செய்துவிட்டு அவர் உதட்டை நனைத்தேன்.

"அப்பவே ஒரு வாட்டி போனது நீதானேம்மா? செருப்புச் சத்தம் கேட்டுது."

"நான் இல்ல பெரியப்பா. இப்பதான் வரேன்," என்றேன்.

இருபத்திரண்டு நிமிடத்தில் ஆம்புலன்ஸ் வந்தது. இடுப்பெலும்பு முறிவு. பிழைத்துக்கொண்டார்.

அந்தப் பக்கம் நடக்கப் போகிறவர்கள் தண்ணீர் எடுத்துப் போங்கள், கடை கிடையாது. திரும்ப ஆட்டோ கிடைக்காது, வந்த டிரைவரிடமே நம்பர் வாங்கிக்கொள்ளுங்கள். பூட்டாத வீட்டிலிருந்து குரல் வந்தால் நின்று, பதிலுக்கு ஒரு குரல் கொடுங்கள்.

அவருடைய மகன் நான் போகும் ரயிலில்தான் போகிறார். நன்றிக்காகத் தினமும் எனக்கு ஜன்னலோர இடம் பிடித்து வைக்கிறார். நானும் உட்கார்ந்து போகிறேன். இன்னும் சொல்லவில்லை.