லாலானுக்குக் காவல்

பக்கத்து வீட்டுக்காரர் நேற்று வேலியோரம் நின்று கேட்டார். "அண்ணே, மகளுக்கு இயற்கை வளப் பாதுகாப்பு படிக்க யுனிவர்சிட்டியில எடம் கெடச்சிருக்கு. படிச்சா வேலை கெடைக்குமா லா?"

அந்த நேரம் பார்த்து எங்கள் மம்பாவ் சாலையில் புல் வெட்டும் இயந்திரம் உறுமிக்கொண்டிருந்தது. வெட்டிய புல்லின் பச்சை வாசனை மூக்கில் ஏறியதும் சொல்ல வந்த பதில் மறந்துவிட்டது. நினைவில் அம்மா வந்து நின்றார், கையில் அரிவாளோடு.

நானும் அதையேதான் படித்தேன். பிறகு ஓய்வு பெறும்வரை அரசாங்க அலுவலகத்தில் உட்கார்ந்து மண், ஆறு, காடு எல்லாவற்றையும் மூன்று பிரதிகளில் பாதுகாத்தேன். ஆனால் நான் வளர்ந்த ரப்பர் தோட்டத்தில் இந்தப் படிப்பை விளக்குவதற்குள் போதும் போதுமென்றாகிவிடும். "காட்டுக்குக் காவக்காரன் வேலைக்கா டிகிரி?" என்றார் கணக்கெழுதும் கிராணி. அம்மா மட்டும் விளக்கமே கேட்கவில்லை. அவருக்குப் புல் வெட்டும் கும்பலில் வேலை.

கடைசி ஆண்டில், ரப்பர் மரங்களுக்கு அடியில் தானாக முளைக்கும் லாலான் புல் முதலிய செடிகளை ஆராய எடுத்துக்கொண்டேன். எங்கள் தோட்டத்துச் சரிவில் ஒரு துண்டு நிலத்தைத் தேர்ந்து, மூலைக்கு ஒரு கம்பு நட்டு, சிவப்புக் கயிறு கட்டி, என் பெயர் எழுதிய பலகையும் வைத்தேன். நடைமுறை அப்படி. விரிவுரையாளர் நேரில் பார்த்துக் கையெழுத்துப் போடவேண்டும். அது இல்லாவிட்டால் பட்டம் இல்லை.

அவரோடு சரிவில் இறங்கினேன். கயிறு இருந்தது. பலகை இருந்தது. செடி ஒன்றுகூட இல்லை. கோலம் போடாததுதான் குறை. அம்மாவும் கூட்டாளிப் பெண்களும் வியர்வை வழிய, பெருமையாக நின்றார்கள்.

"பெரிய ஆளு பாக்க வர்றாருன்னு சொன்னியே, ஐயா. ஒம் பேரு போட்ட எடத்துல லாலான் நிக்கலாமா? மானம் போவாது?"

"அம்மா, அந்தப் புல்லத்தான் நான் படிக்கிறேன்!"

"புல்லப் பாத்துக்கத்தான் நாங்க இருக்கோமே. நீ வேற ஏதாச்சும் நல்லதா படி."

மலாய்க்காரரான விரிவுரையாளர் குந்தி உட்கார்ந்து வெறும் மண்ணைத் தொட்டுப் பார்த்தார். விதிமுறைகளை மனப்பாடம் செய்தவன் நான். முதல் கையெழுத்துக்கு முன் தலைப்பை மாற்றிக்கொள்ளலாம்.

"முழுமையாகச் சுத்தம் செய்த நிலத்தில் தாவரங்கள் மீண்டு வரும் விதம், சார்," என்றேன் மலாயில், முகம் மாறாமல்.

"சுத்தம் செய்தது யார்?"

"ஆய்வு உதவியாளர்கள்."

அவர் அரிவாள்களை ஒரு பார்வை பார்த்தார். "அறிக்கையில் அவர்கள் பெயரும் வரட்டும்," என்று கையெழுத்துப் போட்டார்.

அதற்குப் பிறகுதான் வேடிக்கை. புல் மறுபடி தலைகாட்டியதும், வேலையாட்களை மேய்க்கும் மண்டோர் அதை வெட்ட ஆட்களை ஏவினார். அம்மா குறுக்கே போய் நின்றார். "மண்டோரே, அங்க கை வைக்காதீங்க. அது எம்புள்ள லாலான்!" சொல்லிவிட்டார், வெட்டாத புல்லைப் பார்க்கத்தான் அவருக்குச் சகிக்கவில்லை. பல வாரம் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டே காவல் காத்தார்.

பட்டம் கிடைத்தது, வேலையும் கிடைத்தது. பக்கத்து வீட்டுக்காரரிடம் அதுவரைக்கும் சொல்லலாம்.

அம்மா இப்போது இல்லை. நாங்கள் குடியிருந்த லயங்களும் இல்லை. போன மாதம் அந்தச் சரிவைத் தேடிப் போனேன். அதை வெட்டிச் சமமாக்கித் தார் ஊற்றி, பேரங்காடிக்குக் கார் நிறுத்துமிடம் ஆக்கியிருந்தார்கள். எல்லா நடைமுறைகளும் ஒழுங்காகப் பின்பற்றப்பட்டிருக்கும், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. மூலை மூலையாகப் பார்த்தேன், ஒரு புல்கூடக் கிடையாது.

அம்மா வெட்டியது அடுத்த மழைக்கே முளைத்தது.