‘தனிப்பட்ட காரணம்’ என்று எழுதிய கடிதம்

வசந்திக்குக் காலை பத்து மணிக்கு நேரம் கொடுத்திருந்தேன். உள்ளே வந்தபோது பத்து இருபது. தாமதத்துக்குக் காரணம் கேட்டேன்.

“பத்துக்கு முதலே வந்திட்டன் அக்கா. பெனிபிட் விசயமா இஞ்ச வாறதைத் தெரிஞ்ச சனம் ஆரும் கண்டிடுமோ எண்டு றோட்டுக்கு எதிர்ப்பக்கம் நிண்டு பாத்துக்கொண்டிருந்தனான்.”

இருக்கையில் அமரும் முன்பே கைத்தொலைபேசியை நீட்டினார். யூனிவேர்சல் கிரெடிட் என்ற அரச உதவிப்பணத்துக்கான இணையக் கணக்கில், ஜொப்சென்டர் என்ற வேலைவாய்ப்பு அலுவலகத்தின் ஒரு முடிவு வந்திருந்தது. தகுந்த காரணமின்றித் தானாகவே வேலையை விட்டதால் மூன்று மாதத்துக்குச் சாங்ஷன், அதாவது உதவிப்பணம் நிறுத்தம். வீட்டு வாடகைக்கும் பிள்ளைக்குமான பகுதிகள் வரும். அவருக்கென்று உள்ள பகுதி வராது.

லண்டன் ஈஸ்ட் ஹாமில் உள்ள ஒரு சமூக மையத்தில் பதினொரு வருடமாக, அரச உதவிப்பணம் பெறுவோருக்கு பெனிபிட் ஆலோசகராக இருக்கிறேன். அதற்கு முன் ஒரு கம்பனியில் சம்பளப் பகுதியில் இருந்தேன். ஒவ்வொரு கேஸுக்கும் கொப்பியில் தனிப் பக்கம் வைத்து, யார், என்ன, எந்தத் திகதி, எத்தனை மணி என்று எழுதும் பழக்கம் அங்கிருந்து வந்தது. இந்த வேலைக்குப் புதிதாக வருபவர்களுக்காக அந்தப் பக்கங்களில் ஒன்றை இங்கே விரித்து எழுதுகிறேன். பெயர்களை மாற்றியிருக்கிறேன்.

1. கடிதம்

வசந்திக்கு வயது நாற்பத்து மூன்று. கணவர் இறந்துவிட்டார். ஒரே மகள் நான்காம் வகுப்புப் படிக்கிறாள். வசந்தி ஆறு வருடமாக ஒரு தமிழ்ப் பலசரக்குக் கடையில் கல்லாவில் நின்றவர். காலை ஒன்பது முதல் பிற்பகல் இரண்டரை வரை வேலை. மூன்றேகாலுக்குப் பாடசாலை வாசலில் மகளைக் கூட்டிக்கொள்வார். ஒரு நாளாவது பிந்தியதில்லை என்றார்.

பிறகு கடைக்காரர் லண்டனின் தென்கோடியில் உள்ள குரோய்டனில் இரண்டாவது கடையைத் திறந்தார். வசந்தியை அங்கே பின்னேர ஷிப்டுக்கு, ஒன்றிலிருந்து ஒன்பது வரை, வரச்சொன்னார். ஈஸ்ட் ஹாமில் அவருடைய இடத்துக்கு வேறு ஆள் போட்டாகிவிட்டது. வசந்தி விலகினார்.

கதை இவ்வளவுதான் என்றால் நல்ல கேஸ். பராமரிக்கப் பிள்ளை இருக்கிறது, நேரமும் இடமும் முதலாளியால் மாறியிருக்கின்றன. இதைத் தகுந்த காரணமாக ஏற்பார்கள். எங்கே பிழைத்தது என்று பார்ப்பதற்காக, விலகல் கடிதத்தைக் கேட்டேன். அதன் படமும் தொலைபேசியில் இருந்தது. அழகான ஆங்கிலம். ‘எனது தனிப்பட்ட காரணங்களுக்காக வேலையிலிருந்து விலகுகிறேன். இந்த ஆறு வருடங்களில் நீங்கள் எனக்குச் சொந்தச் சகோதரரைப் போல் இருந்தீர்கள். உங்கள்மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை.’

“இதை ஆர் எழுதினது?”

“பக்கத்து வீட்டு ரீச்சர் இங்கிலீஷில எழுதித் தந்தவ. சொன்னது நான்தான்.”

“ஷிப்ட் மாத்தினதை ஏன் சொல்லேல்லை?”

“அதை என்னெண்டு அக்கா எழுதுறது? ஆறு வருசம் வேலை தந்த மனுசன். போகேக்க குறை சொல்லிப்போட்டோ போறது?”

“சரி, ஜொப்சென்டரில கேட்டிருப்பினமே, ஏன் விட்டனீங்கள் எண்டு?”

“கேட்டவை. அங்கயும் பெர்சனல் எண்டுதான் போட்டனான். கடிதத்தில ஒண்டு, இஞ்ச ஒண்டு சொன்னால் பொய்க்காரி எண்டெல்லே நினைப்பினம்?”

நம்மவர்கள் பலர் செய்யும் பிழை இது. வேலை கேட்டு எழுதும் கடிதத்தைவிட வேலையை விட்டுப்போகும் கடிதத்தில்தான் நாங்கள் அதிக மரியாதை காட்டுவோம். அந்த மரியாதையை மூன்றாவது ஆள் ஒருவர் உட்கார்ந்து ஆதாரமாக வாசிப்பார் என்று எழுதும்போது யாருக்கும் தோன்றுவதில்லை.

முடிவை மறுபரிசீலனை செய்யக் கேட்பதற்கு ஒரு மாத அவகாசம் உண்டு. அதில் வசந்தி ஒன்பது நாட்களை அழுது கழித்திருந்தார். மிகுதி நாட்களை எண்ணிக் கொப்பியின் மேல்மூலையில் எழுதினேன்.

2. கடை அண்ணை

முதலில் கடைக்காரரிடமே ஒரு கடிதம் கேட்டுப் பார்க்கலாம் என்று வசந்தியிடம் சம்மதம் வாங்கினேன். எல்லாரும் அவரைக் கடை அண்ணை என்றுதான் அழைப்பார்கள். அறுபது வயதிருக்கும். வியாழக்கிழமை இரண்டு மணிக்கு, சனம் குறைந்த நேரமாகப் பார்த்துப் போனேன். தராசில் முருங்கைக்காய் நிறுத்துக்கொண்டு நின்றார். நான் விசயத்தைத் தொடங்கியதும் அவர் முகம் மலர்ந்தது.

“வசந்திக்கு நான் முதல்தரமான ரிப்போர்ட் குடுத்திருக்கிறன் தங்கச்சி! ஏன் போனவ எண்டு ஜொப்சென்டரால போர்ம் வந்தது. பெர்சனல் எண்டு போட்டன். நல்ல வேலைக்காரி, ஒரு பிரச்சினையும் இல்லை எண்டும் போட்டன். அவள் எனக்கு எழுதின கடிதத்தையும் சேத்தெல்லே அனுப்பினனான். வாசிச்சால் கண் கலங்கும்.”

“அண்ணை, அதை வாசிச்சிட்டுத்தான் காசை நிப்பாட்டியிருக்கினம்.”

தராசிலிருந்து கையை எடுத்தார். “என்ன விசர்க்கதை இது?”

நான் விளக்கினேன். ஒரு பிரச்சினையும் இல்லை என்று முதலாளி சொல்கிறார், ஒரு குறையும் இல்லை என்று வேலை செய்தவர் சொல்கிறார். அப்படியானால் இந்த வேலையை ஏன் விட்டார் என்றுதானே முடிவெடுப்பவர் கேட்பார்? அவர் முருங்கைக்காயைத் தராசிலிருந்து எடுத்து வைத்தார். பிறகு குரல் உயர்ந்தது.

“அப்ப, நான் அவளைத் துரத்தினனான் எண்டு எழுதச் சொல்லுறியளோ?”

“துரத்தினது எண்டு ஒருத்தரும் கேக்கேல்லை. நேரம் மாத்தினது, இடம் மாத்தினது. திகதி போட்டு ரெண்டு வரி எழுதினால் காணும்.”

“கோயில் திருவிழாவில சனம் என்னைப் பாத்துச் சிரிக்கும்.”

“ஜொப்சென்டர் கடிதத்தைக் கோயிலில வாசிக்கிறேல்லை அண்ணை.”

பக்கத்தில் கீரைக்கட்டுடன் நின்ற பெண்மணிக்குப் பொறுமை போய்விட்டது. “அண்ணை, வழக்கு முடிஞ்சால் இதையும் ஒருக்காப் போட்டு விடுங்கோ. எனக்கு பஸ் போகப்போகுது.”

கணக்காளரைக் கேட்டுச் சொல்வதாகக் கடை அண்ணை கூறினார். திங்கட்கிழமை சொன்னார். எதிலும் கையெழுத்து வைக்க வேண்டாம் என்று கணக்காளர் சொல்லிவிட்டாராம். அவரைக் குறை சொல்வதற்கில்லை. கணக்காளரின் வேலை அது.

3. குரல்கள்

பாடசாலை ஒரு கடிதம் தந்தது. விடும் நேரம் மூன்றேகால், பாடசாலைக்குப் பின்னான வகுப்பில் இடமில்லை, வசந்தியின் மகள் காத்திருப்புப் பட்டியலில் இருக்கிறாள் என்று அதில் இருந்தது. நல்ல ஆதாரம், ஆனால் பாதிதான். ஷிப்ட் மாறியது என்பதற்கும், விலகுமுன் வசந்தி வேறு வழி தேடினார் என்பதற்கும் எதுவும் இல்லை. இரண்டாவதை முடிவெடுப்பவர்கள் கட்டாயம் பார்ப்பார்கள்.

“மாத்தினதை அண்ணை எழுத்தில ஏதும் தந்தவரோ?”

“அவர் எழுதமாட்டார் அக்கா. கண்ணாடி தேட அலுப்பும் பஞ்சியும். எல்லாத்துக்கும் வொய்ஸ்தான் போடுவார்.”

பேனாவைக் கீழே வைத்தேன். “அந்த வொய்ஸ் இருக்கோ?”

“எல்லாம் கிடக்கு. ஆனா அதைக் குடுக்க ஏலாது. அவரின்ர குரலைக் கொண்டுபோய்க் கவர்மென்டிட்டக் குடுக்கிறதெண்டால், காட்டிக்குடுக்கிற மாதிரியெல்லே?”

கொடுப்பதும் விடுவதும் அவருடைய முடிவு என்றேன். முதலில் கேட்போம் என்றேன். கதவைச் சாத்திவிட்டு இருவரும் கேட்டோம். குரோய்டன் விசயமாக அண்ணையும் வசந்தியும் மாறி மாறி அனுப்பிய குரல் செய்திகள், மொத்தம் பதினான்கு.

“வசந்தி, குரோய்டன் கடைக்கு ஆளில்லை. திங்கள் தொடக்கம் நீதான் அங்க. ஒண்டிலயிருந்து ஒன்பது.”

“அண்ணை, பிள்ளையை மூண்டேகாலுக்கு எடுக்கவேணும். எனக்கு வேற ஆள் இல்லையெண்டு உங்களுக்குத் தெரியும்தானே. காலமை ஷிப்ட் எண்டால் குரோய்டனுக்கும் வாறன்.”

“காலமைக்கு அங்க ஆள் இருக்கு. பின்னேரம்தான் எனக்குத் தலையிடி.”

இப்படியே போயிற்று. வசந்தி நான்கு தடவை கேட்டிருந்தார். ஞாயிறு பிள்ளையோடு வந்து முழுநாளும் நிற்கிறேன் என்றார். ஒரு மாதம் தவணை தாருங்கள், அதற்குள் பிள்ளைக்கு ஆள் தேடுகிறேன் என்றார். கடைசிக் குரல் கடை அண்ணையுடையது. “இஞ்ச இடமில்லை வசந்தி, என்ர மருமகளைப் போட்டிட்டன். ஏலுமெண்டால் குரோய்டனுக்கு வா. ஏலாட்டி யோசிச்சுச் சொல்லு. கோவிக்காதை என்ன.”

வசந்தி தொலைபேசியை மேசையில் வைத்தார்.

“அண்ணை இதில ஒண்டும் கூடாத மாதிரிக் கதைக்கேல்லையே,” என்றார்.

“இல்லை. நீங்களும் கதைக்கேல்லை. ரெண்டு பேருக்கும் பிரச்சினை இருந்திருக்கு, அவ்வளவுதான்.”

“அப்ப குடுப்பம். ஆனா அவருக்குச் சொல்லிப்போட்டுத்தான் குடுப்பன்.”

எனக்கு அது பயமாக இருந்தது. அவர் வேண்டாமென்று சொன்னால் இவர் கொடுக்கமாட்டார் என்று தெரியும். ஆனாலும் தடுக்கவில்லை. ஸ்பீக்கரில் போட்டு அங்கேயே அழைத்தார்.

“அண்ணை, நீங்கள் அனுப்பின வொய்ஸ்களை ஜொப்சென்டருக்குக் குடுக்கப்போறன்.”

மறுபக்கத்திலிருந்து கடை அண்ணை சந்தேகத்துடன், “எந்த வொய்ஸ்? நான் மீன் சப்ளையரை ஏசினதும் அதுக்க கிடக்கோ?”

“அது நீங்கள் அந்தாளுக்கு அனுப்பவேண்டியதை மாறி எனக்கு அனுப்பினது அண்ணை. அதைக் குடுக்கேல்லை. குரோய்டன் விசயம் மட்டும்.”

“அந்த மீன் விசயத்தை மட்டும் அழிச்சுப்போடு பிள்ளை, உனக்குக் கோடி புண்ணியம்.” பெருமூச்சுக் கேட்டது. “மிச்சத்தைக் குடு. நான் சொன்னதுதானே. பிள்ளையோட நீ கஷ்டப்பட, நான் என்னத்தை மறைக்கிறது?”

பதினான்கையும் தமிழில் எழுத்துக்கு எழுத்து எழுதி, எதிரே ஆங்கில மொழிபெயர்ப்பும், ஒவ்வொன்றுக்கும் திகதியும் நேரமும் போட்டேன். ஒரு சொல்லையும் நல்லதாக்கவில்லை, கெட்டதாக்கவும் இல்லை. வசந்தி தன் வாக்குமூலத்தில், கடிதத்திலும் படிவத்திலும் உண்மையான காரணத்தை எழுதவில்லை என்று ஒப்புக்கொண்டார். வேலையை விட்டுப்போகும்போது முதலாளியைக் குறைகூறி எழுதுவது எங்களிடத்தில் மரியாதை அல்ல, அதனால் எழுதவில்லை என்று சொன்னதை அப்படியே சேர்த்தேன். அவகாசம் முடிய நான்கு நாள் இருக்கும்போது எல்லாவற்றையும் கையளித்தோம்.

4. பதில்

மூன்றாவது வாரத்தில் பதில் வந்தது. வசந்தி தொலைபேசியுடன் நேரே என்னிடம் வந்தார். இந்த முறை எதிர்ப்பக்கம் நிற்கவில்லை. முடிவு மாற்றப்பட்டிருந்தது. சாங்ஷன் நீக்கம், நிறுத்தியதைத் திருப்பித் தருவார்கள். தமிழில் வாசித்துக் காட்டினேன்.

அவர் முதலில் கேட்டது காசு எப்போது வரும் என்று அல்ல. “அண்ணையில ஏதும் பிழை சொல்லியிருக்கினமோ?”

திரும்பவும் வாசித்தேன். “அவரின்ர பேரே இல்லை. வேலை நேரமும் இடமும் மாறினது எண்டு மட்டும்தான் கிடக்கு.”

“அது காணும் அக்கா,” என்று சொல்லிவிட்டுத்தான் அழுதார்.

இன்று வசந்தி ஒரு பாடசாலைச் சமையலறையில் வேலை செய்கிறார். பிள்ளைகளை விடும் நேரத்துக்கு முன்பே அவருடைய வேலை முடிந்துவிடும்.

அந்தக் கேஸுக்குப் பிறகு நான் ஒரு கேள்வியை மாற்றிக்கொண்டேன். ஏன் வேலையை விட்டீர்கள் என்று கேட்டால் நம்மவர்கள் மரியாதையான பதிலைத்தான் சொல்வார்கள். அதனால் கடைசி இரண்டு மாதத்தில் என்ன நடந்தது, முதலிலிருந்து சொல்லுங்கள் என்று கேட்கிறேன். வேலையை விடப்போகிறேன் என்று முன்கூட்டியே வருபவர்களுக்குச் சொல்வது இதுதான்: நன்றியைத் தாராளமாக எழுதுங்கள், ஆனால் காரணத்தையும் எழுதுங்கள். கோபமில்லாமலும் எழுதலாம். என்ன மாறியது, எப்போது மாறியது, நீங்கள் என்ன கேட்டுப் பார்த்தீர்கள் என்பது போதும். உண்மையைச் சொல்வது ஒருவரைக் குறை சொல்வதாகாது.

போன மாதம் கடை அண்ணையிடமிருந்து எனக்கும் ஒரு குரல் வந்தது.

“தங்கச்சி, மீன் பகுதியில நிக்கிற ரவி வேலையை விடுறான். ஒரு பக்கத்துக்கு எனக்கு நன்றி எழுதிக்கொண்டு வந்தவன். திருப்பிக் குடுத்திட்டன். காரணத்தை எழுதிக்கொண்டு வாடா எண்டு. இப்ப எழுதியிருக்கிறான், முதலாளியின்ர வாய் தாங்க ஏலாதாம். வாங்கி வைச்சிருக்கிறன்.”