வெள்ளைக்காரப் பயணியின் வேஷம்

நடந்தவை, நடந்த வரிசையில்:

1. நான் நாலாம் வகுப்பில் இருந்தபோது மாமா குடும்பம் வட நோர்வேயின் ஹம்மர்பெஸ்ட்டிலிருந்து ஒஸ்லோவுக்கு வந்து, அம்மருட் பகுதியில் எங்கள் அடுக்குமாடிக்கு எதிர்க் கட்டடத்தில் குடியேறியது. மாமாவின் மகள், அதாவது என் மச்சாள், என் வகுப்பிலேயே சேர்ந்தாள்.
2. வகுப்பில் ஒரு நாடகம் போட்டோம். முக்கிய வேஷம் மச்சாளுக்குக் கிடைத்தது.
3. எனக்குக் கிடைத்தது வெள்ளைக்காரப் பயணியின் வேஷம்.
4. நான் கறுத்துப்போக முயன்றேன்.
5. நாடகம் முடிந்த பின்னேரம் ஒரு கடையின் காவலாளி மச்சாளின் பையைத் திறக்கச் சொன்னார். என் பையைத் திறக்கச் சொல்லவில்லை.

மின்சார வலையமைப்பு ஒன்றின் கட்டுப்பாட்டு அறையில் வேலை செய்கிறேன். அங்கே ஒரு பழுது நேர்ந்தால் இப்படித்தான் எழுதத் தொடங்குவோம்: முதலில் நடந்தது மட்டும், காரணம் பிறகு. எடுத்த எடுப்பில் தோன்றும் காரணம் அநேகமாகப் பிழையாகவே இருக்கும். பத்து வயதில் எனக்கு இந்தப் பழக்கம் இருக்கவில்லை. ஐந்தாவதற்கான காரணத்தை நின்ற இடத்திலேயே கண்டுபிடித்துவிட்டேன்.

மச்சாள் வரும்வரை வகுப்பில் நான் ஒருத்திதான் தமிழ்ப் பிள்ளை. வாசிப்பில் முதல், கணக்கில் முதல், கையை உயர்த்துவதிலும் முதல். அவள் வந்த அன்றே நிலைமை மாறியது. அவள் கதைத்தது வட நோர்வேயின் பேச்சு, மீன் தொழிற்சாலை வாசலில் கேட்கும் பேச்சு. இலங்கைத் தமிழ்ப் பிள்ளை ஒன்று அப்படிக் கதைப்பதைக் கேட்டு எங்கள் ஆசிரியை உருகிப்போனார். இன்னொருமுறை சொல்லு, இன்னொருமுறை சொல்லு என்று கேட்டார். ஒஸ்லோவில் பிறந்து ஒஸ்லோக்காரரைப் போலவே கதைத்த என்னை யாரும் இன்னொருமுறை சொல்லச் சொன்னதில்லை.

எனக்கென்று மிஞ்சியிருந்தது ஒன்றுதான்: நிறம். சொந்தக்காரர் வீட்டுக் கொண்டாட்டங்களில் நான் "வெள்ளைப் பிள்ளை". சனிக்கிழமைதோறும் அம்மா பயத்தம் மாவைத் தயிரில் குழைத்து என் முகத்திலும் கையிலும் பூசுவார். கோடையில், முழு ஒஸ்லோவும் புல்லில் துண்டை விரித்துக் கிடக்கும் நாட்களில், நான் மட்டும் நிழல் பார்த்து நடப்பேன். மச்சாள் மாமாவைக் கொண்டு பிறந்தவள், நல்ல கறுப்பு. இந்த ஒரு பாடத்தில் படிக்காமலே நான் முதலாவதாக இருந்தேன்.

அந்த வசந்த காலத்தில் ஆசிரியை அமெரிக்காவைப் பற்றிச் சொல்லித் தந்தார். கறுப்பின மக்கள் பேருந்தில் எங்கே இருக்கலாம், எங்கே இருக்கக் கூடாது என்று சட்டம் இருந்ததையும், ஒரு பெண் வெள்ளைக்காரருக்காகத் தன் இருக்கையை விட்டு எழும்ப மறுத்ததையும், அந்தச் சட்டம் போகும்வரை அவர்கள் பேருந்தில் ஏறாமல் நடந்தே வேலைக்குப் போனதையும் சொன்னார். கதையின் முடிவில் சட்டம் போய்விட்டது. அது அந்தக் காலம், அந்த நாடு என்று சொல்லிப் புத்தகத்தை மூடினார். கவலைப்படும் பகுதி முடிந்துவிட்டது என்று நாங்களும் எடுத்துக்கொண்டோம்.

பிறகு அதையே நாடகமாகப் போடுவதென்று முடிவானது. எழும்ப மறுக்கும் பெண்ணாக நடிக்க வேண்டும் என்று எனக்கு அப்படியொரு ஆசை. முழு நாடகத்திலும் அவள் மட்டும்தான் எல்லோரும் பார்க்கும்படி அசையாமல் இருப்பாள். அவளுடைய வசனத்தை யாரும் கேட்குமுன்பே பாடமாக்கிவிட்டேன்.

ஆசிரியைக்கு வேறொரு சிக்கல். எங்கள் வகுப்பில் சோமாலியா, பாகிஸ்தான், வியட்நாம், மொரோக்கோ எல்லாம் இருந்தன, வெள்ளைக்காரர் போதவில்லை. பேருந்தின் முன்பாதியை எப்படியாவது நிரப்ப வேண்டும். நிறம் என்ற சொல்லையே வாயில் எடுக்காமல் வேஷங்களைப் பங்கிட அவர் பட்ட பாடு இப்போது நினைத்தால் பாவமாக இருக்கிறது. சோமாலியச் சிறுமி மேடை என்றாலே அழுதுவிடுவாள். அதனால் அவருடைய கண் மச்சாளிடம் போய் நின்றது. பிறகு என்னைப் பார்த்தார். ஒரு தொப்பி போட்டால் சரியாக இருக்கும் என்றார்.

வீட்டில் சொன்னபோது அம்மா உடனே மாமிக்குத் தொலைபேசி எடுத்தார்.

"என்ரை பிள்ளை வெள்ளைக்காரியா நடிக்கிறாளாம் அண்ணி. அவையளே கூப்பிட்டுக் குடுத்திருக்கினம்."

மாமி என்ன சொன்னாரோ தெரியாது. அம்மா கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டு நின்றுவிட்டு, "ஓம் ஓம், உங்கடை பிள்ளைக்கும் பொருத்தமான வேஷம்தானே" என்று தொலைபேசியை வைத்தார்.

நான் அழுதுகொண்டிருந்தேன். அது சந்தோஷக் கண்ணீர் என்று அம்மா நினைத்திருக்கலாம்.

அதற்கு அடுத்த நாட்களில்தான் நான் கறுக்க முயன்றேன். அம்மா வேலைக்குப் போன நேரம் பார்த்து, நல்லெண்ணெயை முகத்திலும் காலிலும் பூசிக்கொண்டு பல்கனியில் போய்ப் படுத்தேன். மே மாதத்து வெயில் நோர்வேஜியரைச் சிவக்க வைத்தது. என்னில் மூக்கை மட்டும் தொட்டுவிட்டுப் போனது. பிந்தி எழும்பி உள்ளே வந்தபோது அம்மா சமையலறையில் நின்றார். என்னைப் பார்த்து, பிறகு எண்ணெய்ப் போத்தலைப் பார்த்தார்.

"உனக்கு என்ன விசரா? கறுத்துப் போனா ஆரடி உன்னைப் பாப்பினம்?"

எல்லோரும் மச்சாளைத்தான் பார்க்கிறார்கள் என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். அம்மா சனிக்கிழமைக்குக் காத்திருக்காமல் அன்றைக்கே பயத்தம் மாவைக் குழைத்தார்.

நாடகம் பள்ளி மண்டபத்தில் நடந்தது. கதிரைகள்தான் பேருந்து. நான் தொப்பியோடு மச்சாளுக்கு முன்னால் போய் நின்று, இது என் இருக்கை, எழும்பு என்று சொல்ல வேண்டும். சொன்னேன். பாதி உண்மையாகவே சொன்னேன். மச்சாள் மடியில் கையை வைத்துக்கொண்டு, எழும்ப மாட்டேன் என்று தன் ஹம்மர்பெஸ்ட் பேச்சில் சொன்னாள். மண்டபம் சிரித்தது, பிறகு எழும்பி நின்று கைதட்டியது. உள்ளூர்ப் பத்திரிகையிலிருந்து வந்தவர் அவளைத் தனியே நிறுத்திப் படம் எடுத்தார். தொப்பிக்காரியை யாரும் தேடவில்லை.

பெரியவர்கள் மண்டபத்தில் கோப்பி குடித்துக்கொண்டு நின்றார்கள். எங்கள் இருவருக்கும் ஐஸ்கிறீம் வாங்க மாமா காசு தந்தார். பக்கத்திலிருந்த கடைக்குப் போனோம். இருவர் முதுகிலும் ஒரே மாதிரிப் பள்ளிப்பை. காசு கொடுத்துவிட்டுத் திரும்பும்போது காவலாளி வந்து எங்களுக்கு முன்னால் நின்றார். குரலை உயர்த்தவில்லை. மச்சாளைப் பார்த்து, பையைத் திறந்து காட்டு என்றார்.

எனக்கு உடனே விளங்கிவிட்டது. இவரும் நாடகம் பார்த்திருக்கிறார். அல்லது பத்திரிகைக்காரர் அதற்குள் இவருக்குச் சொல்லிவிட்டார். மண்டபம் போதாதென்று இனிக் கடையிலும் அவள்தான்.

மச்சாள் முழங்காலிட்டு, பையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து நிலத்தில் வைத்தாள். வேஷத்துக்குப் போட்ட சால்வை, சாப்பாட்டுப் பெட்டி, ஒற்றைக் கையுறை. நான் பொறுத்துப் பார்த்தேன். பிறகு என் பையின் ஜிப்பை இழுத்துத் திறந்து அவருக்கு முன்னால் நீட்டினேன். உள்ளே என் தொப்பி இருந்தது. நானும் நடித்தவள்தான் என்று அவர் காணட்டும்.

தேவையில்லை, நீ போகலாம் என்றார். என் பைக்குள் எட்டியும் பார்க்கவில்லை.

வெளியே வந்ததும் மச்சாள் ஐஸ்கிறீமைக் குப்பைத் தொட்டியில் போட்டாள். வீட்டில் சொல்ல வேண்டாம் என்றாள். பெருமையடிக்காத பிள்ளை என்று பெயரெடுக்கப் பார்க்கிறாள் என்று நினைத்து, இன்னும் எரிச்சலானேன்.

அன்றிரவு மாமா வீட்டில் எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது நான் முறைப்பாட்டை வைத்தேன். கடையிலும் அந்த ஆள் மச்சாளின் பையை மட்டும்தான் பார்த்தவர், நான் திறந்து காட்டியும் என்னுடையதைப் பார்க்கவில்லை என்றேன்.

மாமா சாப்பிடுவதை நிறுத்தினார். மச்சாள் சாப்பாட்டுக் கோப்பையை விட்டு நிமிரவில்லை.

மாமி என்னிடம் மெதுவாகக் கேட்டார்: "ஏன் பிள்ளை, உன்ரை பையை ஏன் பாக்கேல்லை?"

"என்னை ஆர் எண்டு அவருக்குத் தெரியாது மாமி."

மாமி என்னை விட்டு அம்மாவைப் பார்த்தார். "கேட்டியளோ" என்று மட்டும் சொன்னார். அம்மா எழும்பிப்போய்த் தண்ணீர்க் குழாயைத் திறந்து, கழுவிய கையையே திரும்பக் கழுவிக்கொண்டு நின்றார். நான் சொன்னது எல்லோருக்கும் சரியென்று பட்டுவிட்டது, என் பக்க நியாயம் ஒருமுறையாவது எடுபட்டுவிட்டது என்று எண்ணிக்கொண்டு இன்னொரு இடியப்பம் போட்டுக்கொண்டேன்.

காவலாளி எதைப் பார்த்தார் என்பது எனக்கு விளங்கப் பல வருடம் எடுத்தது. யாரும் சொல்லித் தரவில்லை. பேருந்துப் பாடத்தில் அது இருக்கவுமில்லை. விளங்கிய பிறகு ஒருநாள் மச்சாளிடம் அதைப் பற்றிக் கதைத்தேன். காவலாளி மீது அவளுக்கு அவ்வளவு கோபம் இருந்ததாகச் சொல்லவில்லை.

"எனக்கு உன்னிலைதான் எரிச்சல். கேக்காமலே பையைத் திறந்து கொண்டு நிண்டனீ. ஒரு பயமும் இல்லாமல்."

நான் அவளைப் பார்த்து எரிந்துகொண்டிருந்த அந்த நிமிடத்தில் அவள் என்னைப் பார்த்து எரிந்துகொண்டிருந்திருக்கிறாள். அவளுடைய காரணம் சரியாக இருந்தது.

இன்றைய நிலைமை இது. இந்த நகரத்தில் தேர்தலில் நிற்பவர்களின் பட்டியல்களில் தமிழ்ப் பெயர்கள் இருக்கின்றன. பள்ளிகளில் எங்கள் ஆட்கள் படிப்பிக்கிறார்கள். மச்சாள் மருத்துவர், அவளிடம் வரும் நோயாளிகள் சிலர் அவளைத் தாண்டிப் பார்த்து, டொக்டர் எப்போது வருவார் என்று கேட்கிறார்கள். எங்கள் வீட்டுக் கொண்டாட்டங்களில் பிறந்த குழந்தையின் நிறத்தை இப்போதும் முதலில் சொல்கிறார்கள், கொஞ்சம் குரலைத் தாழ்த்தி. நாங்கள் இருவரும் ஒன்றாகக் கடைக்குப் போகும்போது மச்சாள் கைகளை மேலங்கிப் பைக்கு வெளியே எடுத்துவிட்டுத்தான் உள்ளே நுழைகிறாள். நான் அப்படிச் செய்வதில்லை.