என் பக்கம் மடித்த இலை

ஒரகடம் மெஸ்ஸில் இன்று குழம்பில் உப்பு அதிகம். இலையை எதிர்ப்பக்கம் மடிக்கப் போன என் கை நின்றுவிட்டது.

சிறுவயதில் குன்றத்தூர் ஓட்டல் ஒன்றில் அப்பாவுடன் சாப்பிட்டேன். இரண்டாவது அப்பளம் வராத கோபத்தில், தெரிந்தேதான், இலையை எதிர்ப்பக்கம் மடித்தேன். பரிமாறிய முதலாளியின் முகம் வாடியது.

"இன்னா கண்ணு, இது இன்னா சாவு வூடா?"

அப்பா அவசரமாக என் இலையை விரித்தார். "கோச்சுக்காதண்ணே, புள்ளைக்குப் பசி தீரல. எனக்கும் இன்னொரு சாப்பாடு போடு."

முதலாளி சிரித்துவிட்டார். அப்பளங்களை அடுக்கினார். வெட்கத்தோடு அத்தனையும் தின்றேன். அப்பா வயிற்றைப் பிடித்துக்கொண்டு எங்கள் ஊர் சேரப்பணஞ்சேரி வரை என்னைத் திட்டிக்கொண்டே வந்தார்.

இன்று இலையை என் பக்கமே மடித்தேன். மெஸ் நடத்தும் பெண் அதைப் பார்த்துவிட்டாள்.

"நாளைக்கும் வருவீங்கல்ல ஐயா?"

மடித்தாயிற்று. நாளைக்கும் போகத்தான் வேண்டும்.