சைலன்சர் சரியான பிறகு

நானும் மனைவியும் தினமும் பூதிகோட்டைக்குத் தக்காளி ஏற்றப் போகும் பிக்கப் வண்டி, ரொம்ப காலமாகவே டிராக்டர் மாதிரி கத்திக்கொண்டிருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, இன்ஜினை ஓடவிட்டு, ஓட்டை எங்கே என்று பார்க்க, சைலன்சரில் புகை வரும் முனையை ஈரத்துணியால் அடைக்கச் சொல்லி அவளை நிறுத்தினேன். அடியில் படுத்துக் காது கொடுத்தேன். நடு ஜாயின்ட்டில் ‘புஸ்’ என்றது, சுற்றிலும் கரி. ஜாயின்ட்டுக்குள் வைக்கும் பேக்கிங் வளையத்தை மாற்றி, போல்ட்டை இறுக்கினேன். சத்தம் அடங்கிவிட்டது.

மறுநாள் போகும்போது பக்கத்தில் மெல்லிய பாட்டு. திரும்பினேன். அவள்தான்.

“இன்னா, நீ பாடுவியா?”

வாயைப் பொத்திக்கொண்டாள். “தெனமும் பாடறேங்க. வண்டி சத்தத்துல உங்களுக்குக் கேக்காதுன்னு தைரியம்.”

அதோடு பாட்டு நின்றுபோனது.

இப்போது கண்ணாடியை முழுக்க இறக்கிவிட்டு, காற்று இரைய ஓட்டுகிறேன். நேற்று பங்காருபேட்டை தாண்டியதும் ஒரு வரி கேட்டது. நான் திரும்பவில்லை.