கன்னத்தில் ஒரு வெள்ளைத் திட்டு

கீரமங்கலத்திலிருந்து புதுக்கோட்டை போகும் காலை பஸ்ஸில் ஒரு ஷட்டர்கூட ஒழுங்காக இறங்காது. மார்கழிக் காற்று நேராகக் கன்னத்தில் வந்து அறையும். பின்சீட்டுப் பக்கம் சம்பங்கி மூட்டைகள்... பஸ் முழுக்க அந்த ஈர வாசனை.

எனக்கு அப்போது முதல் வேலை. புதுக்கோட்டையில் ஒரு செல்போன் கடையில் பில்லிங். விராலிமலைப் பக்கம் மாப்பிள்ளை பேசி முடித்திருந்தார்கள். தை பிறந்ததும் நிச்சயம்.

சந்தோஷமாக இருந்திருக்க வேண்டிய நாட்கள்தான்.

என் முகம் அப்போதே இரண்டு விதம். நெற்றியும் மூக்கும் எப்போதும் எண்ணெய் வழியும், பரு வரும். கன்னமோ பனி தொடங்கினால் சாம்பல் பூத்து வெடிக்கும். நிச்சயத்துக்குள் பரு போக வேண்டுமே என்று, விடிந்ததும் கொதிக்கக் கொதிக்க வெந்நீர் வைத்து, பருவுக்கான ஃபேஸ்வாஷ் போட்டு முகம் முழுக்கத் தேய்ப்பேன். கடைக்குப் போய் மறுபடி. மத்தியானம் இன்னொரு தடவை. கன்னம் இழுத்துப் பிடிக்கும். தேங்காய் எண்ணெய் தடவினால் நெற்றியில் அடுத்த பரு.

ஒருநாள் காலை கண்ணாடியில் பார்க்கிறேன்... இடது கன்னத்தில் ஒரு வெள்ளைத் திட்டு.

கழுவினேன். போகவில்லை.

அம்மாவிடம் காட்டினேன். அம்மா என் முகத்தை வாசல் வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தது. "தேமலாத்தான் இருக்கும்" என்றது. கொஞ்சம் கழித்து, "யாருட்டயும் சொல்லிக்கிட்டு இருக்காத" என்றது. அந்த இரண்டாவது பேச்சில்தான் எனக்குப் பயம் பிடித்தது. வெண்படை என்ற வார்த்தையை நாங்கள் இரண்டு பேருமே வாயில் எடுக்கவில்லை. எங்கள் தெருவில் ஒரு அக்காவுக்கு அப்படி வந்து, பேசிய கல்யாணம் நின்றுபோனது எல்லாருக்கும் தெரியும்.

அதற்கப்புறம் தினமும் இதே வேலைதான். எழுந்ததும் கண்ணாடி. நேற்றைவிடப் பெரிதாகிவிட்டதா? மேலே பவுடர், அதற்கு மேலே இன்னும் பவுடர். பஸ்ஸில் கன்னத்தை மறைத்துத் துப்பட்டா. மாப்பிள்ளை சாயங்காலம் போன் செய்து பேசும்போதுகூட என் கை கன்னத்தில்தான் இருக்கும்... போனில் தெரியப்போகிறதா என்ன?

அப்படி இருக்கும்போது ஒருநாள் அவருடைய அக்கா கடைக்கே வந்துவிட்டார்கள். மதினி ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். சார்ஜர் வாங்க வந்ததாகச் சொன்னார்கள். பில் போட்டு நிமிர்ந்தால், என் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

"கன்னத்துல என்ன?"

"ஒண்ணுமில்ல மதினி. பவுடர்தான்."

"போயி மொகத்தக் கழுவிட்டு வா."

மறுக்கத் தெரியவில்லை. கழுவிவிட்டு வந்தேன். கடை வாசலுக்குக் கூட்டிப் போய் வெயிலில் நிறுத்திப் பார்த்தார்கள். அப்புறம், "நாளைக்கி லீவு சொல்லிரு. ஸ்கின் டாக்டர்ட்ட போவம்" என்றார்கள்.

"அவருக்கு..."

"தம்பிட்ட இப்ப ஒண்ணும் சொல்லல. மொதல்ல என்னன்னு தெரியட்டும்."

அன்றைக்கு வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. "அவுக ஒன்னய வைத்தியம் பாக்கக் கூட்டிட்டுப் போகல, உறுதி பண்ணிக்கத்தான் கூட்டிட்டுப் போறாக" என்று அம்மா அழுதது. எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

மறுநாள் கிளினிக் பெஞ்சில் நானும் மதினியும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். அவர்கள் என் கையைப் பிடிக்கவும் இல்லை, தள்ளி உட்காரவும் இல்லை.

டாக்டரம்மா லைட்டை அணைத்துவிட்டு, ஒரு நீல விளக்கைக் கன்னத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார். நான் கண்ணை இறுக மூடிக்கொண்டேன். லைட் வந்ததும் முதலில் கேட்டது, "மொகத்துக்கு என்ன போடுறீங்க?"

சொன்னேன். தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார்.

"இது வெண்படை இல்லம்மா. வறட்சி. ஒங்களுக்கு மூக்கும் நெத்தியும் எண்ணெய், கன்னம் ட்ரை. காம்பினேஷன் ஸ்கின்னு சொல்லுவோம். மூக்குக்குச் செய்யுறதையே கன்னத்துக்கும் செஞ்சா அது எப்படித் தாங்கும்?"

வெந்நீர் வேண்டாம், வெதுவெதுப்பு போதும். காலையில் மென்மையான ஃபேஸ்வாஷ், அதுவும் ஒரு தடவைதான். ஈரம் காய்வதற்குள் கன்னத்துக்குக் கெட்டியான க்ரீம், நெற்றிக்கும் மூக்குக்கும் ஜெல் மாதிரி லேசாக. வெளியே கிளம்பும்முன் சன்ஸ்க்ரீன். நிறம் திரும்பக் கொஞ்ச நாள் ஆகும், பயப்படாதீர்கள் என்றார்.

வெளியே வந்ததும் எனக்குக் கண்ணீர் நிற்கவில்லை. மதினி டீ வாங்கிக் கொடுத்தார்கள். பாதி குடித்த பிறகு எப்படியோ கேட்டுவிட்டேன்.

"டாக்டர் வேற மாதிரி சொல்லிருந்தா, மதினி?"

மதினி ரோட்டைப் பார்த்துக்கொண்டு, "தெரியலத்தா. ஒனக்குப் பொய் சொல்ல மாட்டேன். வீட்டுல யோசிச்சிருப்பாக" என்றார்கள்.

திட்டு மெதுவாக மறைந்தது. தையில் நிச்சயமும் நடந்தது. மதினி அந்த விஷயத்தை இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை. எங்களுக்குள் நல்ல பழக்கம்தான். இருந்தாலும், 'யோசிச்சிருப்பாக' என்ற அந்த வார்த்தை... எத்தனை வருஷமானாலும் மனசில் ஒரு ஓரமாக இருக்கத்தான் செய்கிறது.

இப்போது விராலிமலையில் எங்கள் பாத்ரூம் அலமாரியில் க்ரீம், ஜெல், சன்ஸ்க்ரீன் என்று என் மகளுடையதே ஒரு வரிசை. பதினொன்றாம் வகுப்பு. போன வாரம் பனி அதிகமாக இருந்த ஒரு காலையில், அவள் கன்னத்திலும் வெளுப்பாக ஒரு இடம் தெரிந்தது. சட்டென்று அவள் முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பினேன்.

"அம்மா, ட்ரை ஸ்கின். க்ரீம் போட்டாச் சரியாயிரும்" என்றாள். அதை மறைக்காமல், பவுடர்கூடப் போடாமல், ஸ்கூல் பையை மாட்டிக்கொண்டு இறங்கிவிட்டாள்.

ஒரு மார்கழி முழுக்க நான் பயந்து செத்த விஷயம், அவளுக்கு ஒரு வரியில் முடிந்துவிட்டது. நல்லதுதான். அப்படித்தான் இருக்க வேண்டும்.

ஆனாலும் வெயிலில் அந்தக் கன்னத்தை ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று கேட் வரைக்கும் பின்னாலேயே போனேன். ஸ்கூல் பஸ்ஸில் ஏறி, தோழிகளோடு சிரித்துப் பேசிக்கொண்டு உட்கார்ந்தாள்.

பஸ் திரும்பிப் போகிறவரை நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.